கடலாயி எங்கே போவாள்?

நம் மின்னிதழின் வரலாற்றுப் புனைவுச் சிறப்பிதழுக்கு யாரெல்லாம் எழுதுகிறீர்கள் என்று குரூப்பில் கேட்டதும் வந்த பதில்களைப் பார்த்தீர்களா? முக்கால்வாசி சோழர். ஒருத்தர் பாண்டியர். மிச்சமெல்லாம் "டெட்லைன் எப்ப பாஸ்?" குறை சொல்லவில்லை. பொன்னியின் செல்வன் இரண்டு பாகத்தையும் தியேட்டரில் பார்த்தவள்தான் நானும். ஆனால் வரலாறு என்றாலே அரண்மனை, கப்பற்படை, குதிரை என்று ஏன் முடிவு கட்டிவிட்டோம் என்பது புரியவில்லை.

என் வீடு மந்தைவெளி. லஸ் கார்னர் சிக்னலில் தினமும் நிற்கிறேன். பக்கத்துத் தெருவில் இருக்கிற பிரகாச மாதா கோயிலுக்குக் 'காட்டுக் கோயில்' என்று இன்னொரு பெயர் உண்டு. 1516 என்று அங்கே கல்வெட்டு இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், லஸ் அன்றைக்குக் காடு! அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் சாந்தோம். கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் வீரமாமுனிவர் சிலை. 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்காக வைத்தது. நாம் அதன் முன்னால் நின்று சுண்டல் சாப்பிட்டிருக்கிறோம், பெயர்ப்பலகையைப் படித்ததில்லை.

ஒரு சிலையைப் பார்த்து நாவல் எழுதலாமா? எழுதியிருக்கிறார்கள். வில்லா கேத்தர் என்ற அமெரிக்க எழுத்தாளர். 'டெத் கம்ஸ் ஃபார் தி ஆர்ச்பிஷப்' என்ற நாவல், 1927-ல் வந்தது. அமெரிக்கா அப்போதுதான் மெக்சிகோவிடமிருந்து பிடித்திருந்த நியூ மெக்சிகோ என்ற எல்லைப்புறப் பாலைநிலத்துக்கு இரண்டு பிரெஞ்சுப் பாதிரியார்கள் போகிறார்கள். கோவேறு கழுதை மேல் ஏறி ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள், வயதாகிறது, இறக்கிறார்கள். கதை அவ்வளவுதான். செமஸ்டர் லீவில் படித்தேன், நாலு நாள் வேறெதுவும் ஓடவில்லை.

சாந்தா ஃபே நகரத்துப் பேராலயத்தின் முன்னால் லாமி என்ற முதல் ஆயரின் வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த முகம் கேத்தரை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. 1925 கோடையில் அதே ஊரில் ஒரு பழைய புத்தகம் கையில் கிடைக்கிறது. லாமியின் நண்பர் மாஷபெஃப் என்ற பாதிரியாரைப் பற்றி ஹௌலெட் என்பவர் 1908-ல் எழுதிய வாழ்க்கை வரலாறு. பெரிய பதிப்பகம் எதுவும் இல்லை, கொலராடோவில் ஒரு சின்ன ஊரில் அச்சடித்தது. அதற்குள்ளே, பிரான்சில் கன்னியாஸ்திரியாக இருந்த தன் தங்கைக்கு மாஷபெஃப் எழுதிய கடிதங்கள் இருந்தன. வீட்டுக்கு எழுதுகிற கடிதமென்றால் எப்படி இருக்கும்? என்ன சாப்பிட்டேன், எங்கே விழுந்தேன், யார் ஏமாற்றினார்கள். கேத்தருக்கு நாவலின் குரல் அதில் கிடைத்தது. நாவல் வந்த வருடமே ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார்.

ஆராய்ந்தவர் அப்படியே காப்பி அடிக்கவில்லை. நிஜத்தில் லாமி 1888-ல் இறந்தார், நண்பர் அடுத்த வருடம். நாவலில் நண்பர் முதலில் போகிறார், ஆயர் தனியாக மிஞ்சுகிறார். தெரிந்தே மாற்றியது. நண்பனை இழந்த கிழவரின் மௌனம் அவருக்குக் கதைக்காகத் தேவைப்பட்டது. இதில் எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. லாமியை 'லத்தூர்' என்றும் மாஷபெஃபை 'வையான்' என்றும் பெயர் மாற்றிவிட்டாரே, அப்புறம் என்ன.

எனக்கு உறுத்தியது வேறு. நாவலில் ஒரு வில்லன் வருகிறார். தாவோஸ் ஊரின் பழைய மெக்சிகப் பாதிரியார் மார்த்தினெஸ். பேராசைக்காரர், பெண்பித்தர் என்று எழுதுகிறார் கேத்தர். அந்த ஆளுக்குப் பெயர் மாற்றவில்லை! அந்தோனியோ ஹோசே மார்த்தினெஸ் நிஜ மனிதர். அந்தப் பிரதேசத்தில் பள்ளிக்கூடம் நடத்தினார், 1835-லேயே அச்சு இயந்திரம் வைத்திருந்தார், ஏழைகளிடம் கோயில் வரி வசூலிப்பதை எதிர்த்தார், புது ஆயரோடு மோதி திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். அவர் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் கேத்தர் மேல் கோபமாக இருப்பதில் நியாயம் இருக்கிறது. ஹீரோக்களுக்குப் புனைபெயர், வில்லனுக்கு நிஜப்பெயர். இது என்ன கணக்கு?

படித்து முடித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது என் லேப் பார்ட்னர் சொன்ன ஒரு கதை. அவளுக்கு தேவகோட்டைப் பக்கம். சின்ன வயதில் ஊர்த் திருவிழாவில் அருளானந்தர் நாடகம் போடுவார்களாம். அதில் சிவப்புப் புடவை கட்டி, மூக்குத்தி ஒட்டி, ஒரு பையன் மேடைக்கு வந்தாலே கூட்டம் கத்தும். சின்னப் பிள்ளைகள் மண்ணள்ளி எறியும். அந்த வேஷத்தின் பெயர் கடலாயி.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஜான் தெ பிரிட்டோ 1647-ல் லிஸ்பனில் பிறந்தவர், அரண்மனையில் இளவரசனோடு வளர்ந்தவர். 1673-ல் கப்பலேறி வந்து மதுரை மிஷனில் சேர்ந்தார். மதுரையில் 1606-ல் ராபர்ட் தெ நொபிலி பிராமண சந்நியாசிபோல வாழத் தொடங்கியது பலருக்குத் தெரியும். அந்தக் கோலத்தில் இருப்பவர் தாழ்த்தப்பட்டவர்களின் தெருவுக்குள் வெளிப்படையாகப் போக முடியாது. அதனால் இன்னொரு வகையை உண்டாக்கினார்கள், பண்டாரச் சாமி. காவி, மரக்கறிச் சாப்பாடு, எல்லாத் தெருவுக்கும் போகலாம். பிரிட்டோ பண்டாரச் சாமியானார், அருளானந்தர் ஆனார். நியூ மெக்சிகோ மாதிரி நமக்கும் ஓர் எல்லைப்புறம் உண்டென்றால் அது மறவர் நாடுதான். மதுரை நாயக்கரின் பிடி தளர்ந்து, கிழவன் சேதுபதி தனியாக எழுந்துகொண்டிருந்த காலம். 1686-ல் அங்கே பிடிபட்டுச் சித்திரவதை அனுபவித்தார். சேதுபதியே அவரை விடுவித்து, இனி இந்தப் பக்கம் பிரசங்கம் செய்யாதே என்று அனுப்பிவிட்டார். ஐரோப்பா போனவர் திரும்பவும் வந்தார்.

சேதுபதியின் நாட்டில் தடியத்தேவர் என்று ஒரு பெரிய தலைக்கட்டு. நோயில் படுத்திருந்தவருக்கு ஓர் உபதேசியார் வேதம் வாசித்ததும் குணமாகிறது. (அந்த உபதேசியார் பெயரை எந்த மேடையிலும் சொல்லிக் கேட்டதில்லை, நாடகத்தில் அவருக்கு ஒரு நிமிஷம்தான்.) திருமுழுக்கு வேண்டும் என்கிறார் தடியத்தேவர். ஒரே மனைவியோடு வாழச் சம்மதமென்றால் தருகிறேன் என்கிறார் அருளானந்தர். முதல் மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கிவிடுகிறார் தேவர். 'தங்கச்சி மாதிரி பார்த்துக்கிறேன்' என்று அவர்களிடம் சொன்னதாகக் கதை. அவர்களில் இளையவள் கடலாயி, சேதுபதியின் உறவுப்பெண். அழுதுகொண்டே அரண்மனைக்குப் போகிறாள். 1693 ஜனவரியில் கைது. பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன், ஓரியூரில் தலை வெட்டப்படுகிறது. அங்கே மண் சிவப்பு, அவர் இரத்தம் என்று நம்புகிறார்கள். 1947-ல் புனிதர் பட்டம்.

இதை நாவலாக எழுத யாராவது உட்கார்ந்தால் முதலில் எதைத் தேடுவார்கள்? கடிதங்களை. அவை இருக்கின்றன. ஓரியூர்ச் சிறையிலிருந்து, சாவதற்கு முந்தின நாள், கரியை மையாக்கி அருளானந்தர் எழுதினார் என்பார்கள். கேத்தருக்கு மாஷபெஃபின் தங்கை மாதிரி இங்கே ஓர் அண்ணன்கூட உண்டு. பெர்னாவ் பெரெய்ரா தெ பிரிட்டோ, தம்பியின் வரலாற்றைப் போர்ச்சுகீசியத்தில் எழுதினார், 1722-ல் கோயிம்ப்ராவில் அச்சானது. எல்லாவற்றுக்கும் முன்னால், கொலை நடந்த அந்த மாதமே, மதுரை மிஷனின் தலைவராக இருந்த பிரான்சிஸ் லெய்னெஸ் மற்ற பாதிரியார்களுக்கு நடந்ததையெல்லாம் நீளமாக எழுதினார். ஐரோப்பா முழுக்கச் சுற்றிய கடிதம் அது. நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு ஸ்பெஷல் விஷயம். இந்த லெய்னெஸ்தான் பிறகு, 1708-ல், மயிலாப்பூர் ஆயரானார், 1715-ல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். நாம் செல்ஃபி எடுக்கிற வெள்ளைக் கோபுரம் 1890-களில் எழுப்பியது, அவர் பார்த்த கோயில் அதுவல்ல. ஆனாலும் அந்தச் சாலையைத் தாண்டும்போது இப்போது எனக்குக் கொஞ்சம் சிலிர்க்கிறது. கடலாயியை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் நம்ம ஏரியா!

அறிமுகப்படுத்தினார், சரி. எப்படி? ஈசிஈ படிக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். மறவர் நாட்டில் யாரோ தமிழில் சொன்னது, பாதிரியார் காதில் விழுந்து போர்ச்சுகீசியமாகி, பாரிஸில் பிரெஞ்சாகி, அப்புறம் ஆங்கிலமாகி, கடைசியில் பங்குத்தந்தை யாரோ தமிழாக்கி மேடையேறுகிறது. ஒவ்வொரு ஸ்டேஜிலும் நாய்ஸ். பிரெஞ்சுத் தொகுப்பில் நம் தேவர் 'தெரியாதேவென்' ஆகிவிடுகிறார். சத்தியமாக முதலில் 'தெரியாத தேவன்' என்றுதான் படித்தேன். பெயர் கெட்டால் சரி செய்துவிடலாம். ஃபில்டர் ஆகிப் போனதைத்தான் திருப்பி எடுக்க முடியாது. ஃபில்டர் ஆகிப் போனது பெண்களின் பக்கம். இளையவள் ராஜ உறவு, வழக்கைக் கிளப்பினாள் என்பதால் கதையில் பெயரோடு நிற்கிறாள். அழுதுவிட்டு அப்பன் வீட்டுக்குப் போனவர்களை எந்த நாடகத்திலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

பொறாமை பிடித்தவள், பழிவாங்கினாள், சாமியாரைக் கொன்றாள். கடலாயி பற்றி நமக்குச் சொல்லப்பட்டது இந்த மூன்று வரிதான். ஒரு நாவலாசிரியர் கேட்கவேண்டிய கேள்வி ரொம்பச் சின்னது. அன்று சாயங்காலம் அவள் எங்கே போவாள்?

சேதுபதியின் குடும்பத்துக்கு முன்னால் அந்த நாட்டை ஆண்ட வம்சம் தடியத்தேவருடையது என்று பாதிரியார்களின் எழுத்தே சொல்கிறது. ஆட்சிக்கு உரிமை கோரக்கூடிய ஆளுக்கு ஆள்கிறவர் தன் வீட்டுப் பெண்ணைக் கொடுக்கிறார். இனி நான் சொல்வது என் ஊகம், ஆதாரம் கேட்காதீர்கள்: அந்தக் கல்யாணம் ஓர் ஒப்பந்தம். கடலாயிதான் அந்த ஒப்பந்தக் காகிதம். அவளை அனுப்பிவிடுவது காகிதத்தைக் கிழிப்பது. கூடவே, ஞானஸ்நானம் வாங்கியவருக்குப் பின்னால் அவர் ஆட்கள் எத்தனை பேர் போவார்கள் என்று சேதுபதி கணக்குப் போட்டிருக்க மாட்டாரா? முதல் தடவை விட்டவர் இரண்டாம் தடவை ஏன் விடவில்லை என்பதற்கு ஒரு பெண்ணின் கண்ணீரைவிட இது எனக்கு நம்பும்படியான காரணமாகப் படுகிறது. கண்ணீரைச் சொல்வது எல்லாருக்கும் வசதி. ராஜாவுக்கும் வசதி, நாடகம் எழுதுகிறவருக்கும் வசதி.

இன்னொன்று. அதே சேதுபதி 1710-ல் இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் சிதையில் எரிந்தார்கள். இதையும் எழுதி வைத்தவர்கள் இயேசு சபைப் பாதிரியார்கள்தான். அதிர்ந்துபோய் எழுதியிருக்கிறார்கள். அந்த வீட்டில் வளர்ந்த பெண் கடலாயி. புருஷன் செத்தால் நெருப்பு, புருஷன் உயிரோடு இருந்து வேண்டாம் என்றால்? அந்த உலகத்தில் அதற்கு ஒரு வார்த்தையாவது இருந்ததா? 'தங்கச்சி' என்ற வார்த்தையைக் கேட்டபோது அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு அந்த இடத்தில்தான் நாவல் தொடங்குகிறது, வெட்டுகிற இடத்தில் இல்லை.

நீங்கள் கேட்கப்போவது தெரியும். எங்கள் கேண்டீனில் இதே சண்டை நடந்தது. "பலதார மணத்துக்கு சப்போர்ட்டா நீ?" இல்லப்பா. ஒருத்தனுக்கு ஒருத்தி என்று அருளானந்தர் சொன்னது சரி. உயிரையே கொடுத்துச் சொன்னார், அதைக் கிண்டல் பண்ண எனக்கு வாயில்லை. ஆனால் சரியான விதிக்கும் ஒரு பில் வரும், அது யார் கையில் கொடுக்கப்பட்டது என்று கேட்கலாம் இல்லையா? மதராஸ் மாகாணத்தில் 1949-ல் இந்துக்களின் இருதார மணத்தைத் தடை செய்தபோது, சட்டம் வந்த பிறகு நடக்கிற கல்யாணங்கள்தான் செல்லாது என்றார்கள். ஏற்கெனவே இரண்டாம் தாரமாக வீட்டில் இருந்தவளை ராத்திரியோடு ராத்திரியாக வெளியே தள்ளவில்லை. 1693-க்கு 1949-ன் அறிவைக் கேட்பது அநியாயம் என்றால், 1571-க்குப் போவோம். பல மனைவியர் உள்ளவர் மதம் மாறும்போது முதல் மனைவியை வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1537-ல் ஒரு போப் எழுதினார். தன்னோடு சேர்ந்து திருமுழுக்குப் பெறுகிற மனைவி முதல் மனைவியாக இல்லாவிட்டாலும் வைத்துக்கொள்ளலாம் என்று 1571-ல் இன்னொரு போப் தளர்த்தினார். ஆக, சட்டத்திலேயே ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்தைப் பற்றி யாராவது கடலாயியிடம் பேசினார்களா? ஒரு நாவலில் ஒரு முழு அத்தியாயம் இந்தக் கேள்விக்கே கொடுக்கலாம். ஒரு விளக்கு, ஒரு உபதேசியார், திண்ணையில் கதவுக்குப் பின்னால் அவள்.

சரி, கடிதத்தில் இல்லாததை எங்கே தேடுவது? ஊரில் கேட்க வேண்டும் என்று உடனே சொல்வோம். அதிலும் ஒரு வலை இருக்கிறது. 1810-களில் சென்னைக் கலெக்டர் எல்லிஸ், வீரமாமுனிவரின் நூல்களைத் தேடிவர முத்துசாமிப் பிள்ளை என்பவரைத் தெற்கே அனுப்பினார். புதுச்சேரிக்காரர், கோட்டைக் கல்லூரியில் வேலை. ஊர் ஊராகப் போய்ச் சுவடி சேர்த்தார், 1822-ல் முனிவரின் சரித்திரத்தைத் தமிழிலேயே எழுதினார், 1840-ல் ஆங்கிலத்திலும் கொண்டுவந்தார். நம் ஊரில் இப்படி ஒரு வேலையைச் செய்த முன்னோடி. அவருக்குச் சிலை இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் அவர் கேட்டு எழுதியதில் முனிவர் சந்தா சாகிபுக்கே திவானாக இருந்தார் என்பது மாதிரி விஷயங்களும் கலந்துவிட்டன. பின்னால் வந்த இயேசு சபை ஆய்வாளர்களே அதெல்லாம் நடக்கவில்லை என்று தள்ளினார்கள். கடிதம் மறைக்கும், ஊர் கூட்டிச் சொல்லும். நாவல் எழுதுகிறவருக்கு இரண்டும் வேண்டும். எந்த இடத்தில் எதைத் தொட்டோம் என்று தனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

சென்னையிலிருந்தே பாதி வேலை நடக்கும். தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களில் தொடங்கியது. பழைய சரித்திரப் புத்தகங்களுக்கும் நாடகப் பிரதிகளுக்கும் தேடத் தொடங்க வேண்டிய இடம். பாரிஸில் பெர்த்ராந்த் என்ற பாதிரியார் 1847-லிருந்து நாலு தொகுதிகளாக அச்சிட்ட மதுரை மிஷன் கடிதங்களை இணையத்தில் பிரெஞ்சிலேயே படிக்கலாம். பிரெஞ்சு தெரியாதா? எனக்கும் தெரியாது. ஒரு பக்கத்துக்கு மொழிபெயர்ப்பு ஆப்பும் அகராதியுமாக முக்கால் மணி நேரம் ஆகிறது. இன்டர்னல்ஸுக்கு இவ்வளவு படித்திருந்தால் என் சிஜிபிஏ வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஜோ டி குருஸ் 'ஆழி சூழ் உலகு' எழுதியபோது கப்பல் கம்பெனி வேலையில் இருந்தவர், தமிழ்ப் பேராசிரியர் இல்லை. அந்த நாவலில் பரதவர் ஊர்ச் சாமியார் சாதாரண மனிதராக, மீனவர்களின் சண்டைக்கும் பசிக்கும் நடுவே நிற்கிறார். அதற்குக் காரணம் எழுதியவர் கரையிலிருந்து பார்த்தார், கோயில் கோபுரத்திலிருந்து பார்க்கவில்லை. ஓரியூரையும் அப்படித் தரையிலிருந்து பார்த்து எழுத வேண்டும். அருளானந்தரைச் சின்னதாக்கச் சொல்லவில்லை. கடலாயி மனுஷியானால் அவரும் மனுஷராவார். சரியென்று நம்பிய ஒன்றுக்காக இன்னொருத்தி அழுவதைப் பார்த்தும் பின்வாங்காத மனிதர். சுற்றுப்பிரகாரத்து ஓவியத்தில் இருப்பவரைவிட இவர் எனக்குக் கஷ்டமானவர், அதனாலேயே பெரியவர்.

என் சிறுகதை இன்னும் இரண்டாம் பக்கம் தாண்டவில்லை. எடிட்டர் மன்னிக்கவும். கடலாயிக்கு வேறு பெயர் வைக்கலாமா என்று யோசித்தேன், கேத்தர் ஹீரோக்களுக்குச் செய்த மரியாதையை நான் வில்லிக்குச் செய்யலாமே என்று. பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டேன். அந்தக் குடும்பத்தில் கதைக்குள் பெயரோடு நிற்பவள் அவள் ஒருத்திதான், அதையும் பிடுங்க மனசில்லை.

லேப் பார்ட்னர் அடுத்த வாரம் ஊருக்குப் போகிறாள். அவள் பாட்டிக்கு அந்த நாடகம் முழுக்க மனப்பாடமாம். கடலாயி வேஷத்துக்கு மொத்தம் எத்தனை வசனம், அரண்மனை வாசலில் நின்று அவள் சேதுபதியிடம் சொல்வதென்ன என்று கேட்டு, ஃபோனில் ரெக்கார்ட் பண்ணிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துப் பசங்க வேறு யாராவது இதைப் படித்தால், உங்கள் பாட்டியிடமும் கேளுங்கள். ஊருக்கு ஊர் வசனம் மாறும் இல்லையா?